பத்தும் பதினொன்றும்

புக்கிட் காத்தில்,
14 மார்ச் 1999.

அன்புள்ள ஷாந்தினி அக்காவுக்கு, பவானேஸ்வரி எழுதிக்கொள்வது.

நீங்கள் இப்போது இருக்கும் பிறை ஊர் முகவரியை உங்கள் அம்மாவிடம் வாங்கினேன். அதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை பாயா ரும்புட்டுக்குத் தனியாக பஸ் ஏறிப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்த பிறகுதான் அம்மா எட்டிப் பார்த்தார். “சாமான் விக்க வந்தியாம்மா? எங்களுக்கு ஒண்ணும் வேணாம் லா” என்றார். பிறகு அடையாளம் தெரிந்து உள்ளே கூப்பிட்டு மைலோ கொடுத்தார்.

நீங்கள் போகப் போவதை என்னிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எப்போதும் போல “சரி பவானி, பார்ப்போம்” என்றீர்கள். நான் தலையாட்டினேன். திங்கட்கிழமை உங்கள் மேசை துடைத்து வைத்திருந்தது. கண்டீனில் வரிசையில் நிற்கும்போது பேக்கிங் லைன் காளியம்மா அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஏன்டி ஊமைச்சாமி, ஒன் கூட்டாளி பிறை ஃபேக்டரிக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டாளாமே, ஒனக்குத் தெரியாதா?” என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன், தெரியும் என்பது போல. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை மலாய்ப் பள்ளிக்குத் தயார் செய்யும் பெராலிஹான் வகுப்பில் பிடித்த பழக்கம் இது. தோட்டப் பள்ளியிலிருந்து போன எனக்கு டீச்சர் மலாயில் என்ன கேட்டாலும் பாதிதான் புரியும். தலையாட்டினால் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். படிவம் மூன்றோடு நான் நின்றுவிட்டேன். தலையாட்டுவது நிற்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டர் ரூமில் நான் மட்டும்தான். ஏர்கோன் சத்தம் இவ்வளவு பெரிதென்று இத்தனை நாள் தெரியவில்லை. உங்கள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மாலையில் அதுவே போன் லைனைப் பிடித்து, கிறீச்சிட்டு, தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்பிவிட்டு அடங்குகிறது. அந்தச் சத்தம் வரும்போது மட்டும் பக்கத்தில் ஆள் இருப்பது போல இருக்கும்.

என் அம்மா நேற்று, “நீ அங்க என்னதான் வேல செய்ற?” என்று கேட்டார். “ஸ்விட்ச் பார்க்கிறேன்” என்றேன். “லைட்டு போடுறதுக்கு ஒரு ஆளா? நல்ல கம்பெனி லா!” என்று சிரித்தார். அது லைட் ஸ்விட்ச் இல்லை, ஆபீஸ், ஸ்டோர், பேக்கிங் மூன்றிலும் இருக்கிற கம்ப்யூட்டர்களும் லேபிள் பிரிண்டர்களும் ஒன்றோடொன்று பேசுவதே அந்தப் பெட்டிகள் வழியாகத்தான், எந்தக் கம்பியில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று திரையில் பார்த்து, என்ஜினியர் போனில் சொல்லும்போது திறந்து மூடுவது என் வேலை என்று சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அம்மாவுக்கே ஆச்சரியம்.

ஒரு விஷயம். என்ஜினியர் என்சிக் ஹம்டான் வியாழக்கிழமை வந்தார். ஸ்விட்ச் பாஸ்வேர்ட் பாதி ஃபேக்டரிக்குத் தெரியும், அதனால்தான் எந்தக் கம்ப்யூட்டரை உள்ளே விடலாம் என்று மாஸ்க் போட்டு வைத்திருக்கிறோம், இனி அதில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் போதும் என்றார். 254-ஐ 255 ஆக்கச் சொன்னார்.

அது போட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். என் கம்ப்யூட்டரின் முகவரி எண் 10-இல் முடியும், உங்களுடையது 11-இல். மாஸ்க்கின் கடைசி எண் 255 என்றால் ஸ்விட்ச் ஒரே ஒரு கம்ப்யூட்டரை உள்ளே விடும். 254 என்றால் ஒரு ஜோடியை விடும். அதிலும் இரட்டைப்படை எண்ணில் தொடங்கும் ஜோடியை மட்டும்தான். பத்தும் பதினொன்றும் சேரும், பதினொன்றும் பன்னிரண்டும் சேராது. “பாத்தியா, நம்ம ரெண்டு பேருக்கும் பொருத்தம் இருக்கு” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் நீங்கள் போய்விட்டது உறுதியாகிவிடும்.

ஹாஸ்டல் போனில் கூப்பிட்டுப் பேச எனக்கு வராது. கடிதம் எழுதுங்கள்.

பவானேஸ்வரி


பிறை,
28 மார்ச் 1999.

அடி பவானி,

நாய் குரைத்து உன்னை அறிமுகப்படுத்தியதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அம்மா மைலோ கொடுத்தாரா! எனக்கு வெறும் கோப்பிதான் கிடைக்கும்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு பேர். இரண்டு பேர் ஈப்போ, ஒருத்தி தைப்பிங், மற்றவர்கள் கெடா பக்கம். ஒரே கூத்து. ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறிப் பினாங்கு போகிறோம், ஐஸ் கச்சாங் சாப்பிடுகிறோம். ஆபீஸ் நம் இடத்தைவிடப் பெரியது. கம்ப்யூட்டர் எல்லாம் புதுசு. என்னைக் காலையில் “மிஸ் ஷாந்தினி” என்று கூப்பிடுகிறார்கள் தெரியுமா?

சொல்லாமல் வந்ததற்குக் கோபம். தெரியும். சொல்லியிருந்தால் நீ ஒன்றும் பேசாமல் நின்றிருப்பாய், கண் மட்டும் கலங்கியிருக்கும், நான் டிரான்ஸ்ஃபர் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை, பவானி. நிச்சயம் நின்றுபோனதிலிருந்து பாயா ரும்புட்டில் எந்தப் பக்கம் போனாலும் கேள்வி. பாசாரில் கீரை எடுத்துக்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து ஓர் ஆண்டி, “ஏம்மா, என்னா ஆச்சு? மாப்பிள்ள வேணாம்னுட்டாரா, நீ வேணாம்னியா?” கோயிலுக்குப் போனால் அங்கேயும் அதே. கேட்டுக் கேட்டே என்னை உரித்துவிட்டார்கள். அந்த வட்டாரத்திலேயே ஒரு வார்த்தை கேட்காத ஒரே ஆள் நீ. அதனால்தான் உன்னோடு உட்காரப் பிடித்தது. நானும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மாஸ்க்குக்கு என்ன அவசரம்? என்சிக் ஹம்டான் மூன்று ஃபேக்டரி பார்க்கிறவர், அடுத்த வாரமே மறந்துவிடுவார். இருந்தால் இருக்கட்டும். என் மேசையில் யாரும் உட்காரவில்லைதானே?

கண்ணாடிப் பக்கம் வைத்த மணிப்ளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்று. கூட்டம் கூப்பிடுகிறது, போகிறேன்.

ஷாந்தினி


புக்கிட் காத்தில்,
18 ஏப்ரல் 1999.

அன்புள்ள அக்கா,

நீங்கள் நன்றாக இருப்பது தெரிந்து சந்தோஷம். உங்கள் அறையில் நீங்கள் ஆறு பேரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பது போல மனதில் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தை பஸ்ஸிலும் வீட்டிலும் படித்தேன். எத்தனை முறை என்று சொல்ல மாட்டேன்.

புத்தாண்டுக்கு அப்பா இல்லை. லோரி எடுத்துக்கொண்டு கிளந்தான் போயிருந்தார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, லீவு கிடைக்கவில்லை. நான் பாயசம் வைத்தேன். இரண்டு பேருக்கு என்று வைத்து மறுநாள் வரை நானே சாப்பிட்டேன்.

என் மதியச் சாப்பாடு இப்போது ரூமிலேயே. கண்டீனுக்குப் போனால் காளியம்மா அக்கா விடுவதில்லை. “வாடி, ஏசி ரூம் மகாராணி! கம்ப்யூட்டர் கிட்ட மட்டும்தான் பேசுவியா? எங்ககிட்ட பேசுனா பேட்டரி தீந்துருமா?” மேசை முழுக்கச் சிரிப்பு. அவர் கெட்டவர் இல்லை என்று தெரியும். ஆனால் பதில் சொல்ல எனக்கு நேரம் பிடிக்கும். பதில் வருவதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பேக்கிங் லைனில் நான் வேலை பார்த்த மாதங்கள் முழுவதும் இப்படித்தான். நீங்கள் வந்து, “இந்தப் பிள்ள எண்ணு தப்பில்லாம படிக்குது, எனக்குக் குடுங்க” என்று கேட்டு மேலே கூட்டிப் போகாவிட்டால் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. அதனால் இந்த ரூம் எனக்கு வெறும் வேலை இல்லை.

என்சிக் ஹம்டான் மறக்கவில்லை. போன வியாழன் வாசலில் நின்றபடியே, “மாஸ்க் இத்து, சூடா துக்கார்?” என்றார். மாற்றியாகிவிட்டதா என்கிறார். நான் தலையாட்டினேன்.

சொன்னது காதில் விழுந்தது என்றுதான் தலையாட்டினேன், அக்கா. அவர் “பாகுஸ்”, நல்லது, என்று சொல்லிப் போய்விட்டார். அவர் கார் வெளியேறிய பிறகுதான் நான் பொய் சொல்லிவிட்டேன் என்பதே எனக்கு உறைத்தது. உடனே உட்கார்ந்து திரையைத் திறந்தேன். மாஸ்க் இருக்கும் கட்டத்துக்குப் போனேன். 254. கடைசி எண்ணை அழித்து 5 தட்டினால் போதும். கையை எடுத்துவிட்டேன். நாளை செய்யலாம் என்று நினைத்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். புது இலை ஒன்று விட்டிருக்கிறது.

நான் எப்படி இருக்கிறேன் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை.

பவானேஸ்வரி


பிறை,
9 மே 1999.

பவானி,

வேலை தலைக்கு மேல். சின்னக் கடிதம்தான், கோபிக்காதே.

செவ்வாயும் புதனும் நீ மேசைக்கு வரவில்லை. காய்ச்சலாகத்தான் இருக்கும். உனக்கு மழையில் நனைந்தால் உடனே பிடிக்கும். கஞ்சி குடி. இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு தூங்கு. வியாழக்கிழமை வந்துவிட்டாய், அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். அடுத்த மாதம் நீளமாக எழுதுகிறேன்.

ஷாந்தினி


புக்கிட் காத்தில்,
19 மே 1999.

அக்கா,

இந்தக் கடிதத்தை நான் நிதானமாக எழுதப் பார்க்கிறேன். தாள் இரண்டைக் கிழித்துவிட்டேன்.

நேற்று மதியம் ரூமில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காளியம்மா அக்கா கையுறைத் தூள் ஒட்டிய கையோடு படியேறி ஓடி வந்தார். “அடியேய், கீழ லேபிள் பிரிண்டர் எல்லாம் செத்துப் போச்சு! என்னா பண்ணித் தொலச்ச? பொட்டி மலையாட்டம் குமிஞ்சு கெடக்கு, வெளிய கொண்டெய்னர் லோரிக்காரன் ஹார்ன் அடிச்சே கொல்றான்!” நான் கை கழுவாமலே ஸ்விட்ச் திரையைத் திறந்தேன். பேக்கிங் லைனுக்குப் போகும் போர்ட், அதாவது அந்தக் கம்பியின் வாசல், மூடியிருந்தது. கம்பி பிடுங்கினால் அப்படி வராது. யாரோ உள்ளே வந்து ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ ஆக்கியிருந்தார்கள். நான் திறந்துவிட்டேன். ஆனால் பிரிண்டர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதற்குள் லோரி பாதிச் சரக்கோடு போய்விட்டது. அது கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு.

மாலையில் என்சிக் ஹம்டான் வந்தார். ஸ்விட்ச்சில் பதிவாகியிருந்ததைப் படித்தார். வந்த முகவரியின் கடைசி எண்ணில் விரலை வைத்து, “செபெலாஸ்” என்றார். பதினொன்று. உங்கள் கம்ப்யூட்டர். திரும்பி என்னைப் பார்த்தார். மாற்றியாகிவிட்டது என்று நீ தலையாட்டினாயே, மாஸ்க் எப்படி இன்னும் 254-இல் இருக்கிறது என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அழுதிருக்கலாம்.

அந்த நேரம் ரூமில் நான் ஒருத்திதான். பதினொன்று எனக்குக் கை எட்டும் தூரம். வேறு யார் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? வேண்டுமென்றே மூடினாயா, காளியம்மாவோடு சண்டையா என்று மேனேஜர் கேட்டார். நான் தலையாட்டவில்லை, அதை மட்டும் அடக்கிக்கொண்டேன். வரும் வெள்ளி போக அடுத்த வெள்ளி, இருபத்தெட்டாம் தேதிக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் வேலையிலிருந்து நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். ஃபேக்டரியைக் கெடுத்தவள் என்ற பெயரோடு நின்றால் ஃபேக்டரிகள் இருக்கும் இந்தப் புக்கிட் ரம்பாயில் வேறு எந்த கேட்டுக்குள்ளும் என்னை விடமாட்டார்கள். அம்மா இப்போதே, “வேல போனா போகட்டும், வீட்ல இரு, மாப்பிள்ள பாக்கலாம்” என்கிறார். எனக்குப் பதினேழு.

எல்லாரும் போன பிறகு உங்கள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கம் போல போன் லைன் கிறீச்சிட்டது. கணக்குப் போவது அந்த லைனில்தான். அதே லைனில் வெளியிலிருந்து ஆளும் வரலாம். நீங்கள் மெடிக்கல் லீவில் இருந்தபோது பாயா ரும்புட் வீட்டிலிருந்து அப்படி வந்து வேலை செய்திருக்கிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அம்பு தானாக நகர்வதைப் பார்த்து நான் பயந்ததைச் சொல்லிக் கேலி செய்தீர்கள்.

அப்போதுதான் உங்கள் போன கடிதம் நினைவுக்கு வந்தது.

செவ்வாயும் புதனும் நான் வேலைக்கு வராதது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. இந்த ஃபேக்டரியில் அதைக் கவனித்த ஆளே கிடையாது. என் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் ஸ்விட்ச்சில் என் போர்ட் உயிரில்லாமல் காட்டும். அதைப் பார்க்க முடிந்தவர்கள் பத்தும் பதினொன்றும்தான். பத்து நான். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

நீங்கள்தானே, அக்கா?

நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பவானேஸ்வரி


பிறை,
23 மே 1999.

பவானி,

ஆமாம். நான்தான்.

பிறை ஆபீஸ் வேலை முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடும்போது நான் இருந்துகொள்வேன். சில நாள் மதியத்திலும். பழைய லைனுக்கு டயல் செய்து என் கம்ப்யூட்டருக்குள் வந்து, அதிலிருந்து ஸ்விட்ச்சைத் திறப்பேன். முதல் தடவை, மாஸ்க்கை மாற்றியிருப்பாய், விடாது என்று நினைத்தேன். விட்டது. உன் போர்ட்டைப் பார்ப்பேன். உயிரோடு இருந்தால் நீ உட்கார்ந்திருக்கிறாய். எண்ணிக்கை ஓடினால் நீ ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாய். அவ்வளவுதான். பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போவேன். உன்னிடம் கேட்காமலே நீ நன்றாக இருப்பது தெரிந்துவிடும். கேட்டு உன்னைத் தொல்லை செய்ய வேண்டாம் என்று இருந்தேன்.

அன்றைக்கு விளையாட்டுப் புத்தி. உன் போர்ட்டை ஒரு நொடி மூடித் திறந்தால் உன் திரை ஒருமுறை தடுமாறும், யாரடா என்று நிமிர்ந்து பார்ப்பாய். ஜன்னலைத் தட்டுகிற மாதிரி. லைன் ரொம்ப மெதுவாக இருந்தது. நான் அழுத்தியது போய்ச் சேரவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்திவிட்டேன். எல்லாம் சேர்ந்து போய் இறங்கியபோது திரையில் நான் நின்ற வரி கீழே நகர்ந்திருந்தது. மூடியது உன்னுடையது இல்லை, பேக்கிங் லைனுடையது. திருப்பித் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி மறுபடி டயல் செய்தேன். பிடிக்கவில்லை.

பவானி, எனக்கு இங்கே இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. இது தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். திரும்பி எங்கே போவேன்? பாயா ரும்புட்டுக்கா? “நிச்சயமும் நின்னுச்சு, வேலையும் போச்சா?” என்று கேட்கப் போகிற முகங்களை எண்ணிப் பார். என்னால் முடியாது.

நீ ஒன்று செய். தூசி துடைக்கும்போது என் கீபோர்டில் கை பட்டுவிட்டது என்று சொல். பிழை என்றால் மன்னித்துவிடுவார்கள். நீ சின்னப் பிள்ளை, வம்புக்குப் போகாதவள், உன்னை நம்புவார்கள். அதிகம் பேசக்கூட வேண்டாம். அவர்களே, “கை பட்டுருச்சா?” என்று கேட்பார்கள். நீ தலையாட்டினால் போதும்.

எனக்காக.

ஷாந்தினி


புக்கிட் காத்தில்,
30 மே 1999.

அன்புள்ள அக்கா,

வெள்ளிக்கிழமை நடந்ததை வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்பதற்கு முன் நான் சொல்ல வேண்டும். என்சிக் ஹம்டானிடம் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. நீங்கள் சொன்னபடியே செய்ய நினைத்துத்தான் போனேன். மேனேஜர் அறையில் இருவரும் இருந்தார்கள். நீங்கள் எழுதியது போலவே மேனேஜர், துடைக்கும்போது கை பட்டதா என்று அவராகவே கேட்டார். எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. தலை தானாக அசையப் பார்த்தது. அக்கா, என் வாழ்க்கையில் நான் தலையாட்டியதெல்லாம் எனக்குப் புரியாத கேள்விகளுக்கு. இது எனக்கு நன்றாகப் புரிந்த கேள்வி.

“புக்கான்” என்றேன். இல்லை. என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

பிறகு எல்லாம் சொன்னேன். மலாய் வராத இடத்தில் ஆங்கிலம், இரண்டும் வராத இடத்தில் கை. மாஸ்க்கை மாற்றச் சொன்னது தெரியும், மாற்றாமல் வைத்திருந்தது நான், மாற்றிவிட்டதாகத் தலையாட்டியதும் நான். பதினொன்றுக்குள் போன் லைன் வழியாக வந்தது நீங்கள். மூட நினைத்தது என் போர்ட்டை, மூடியது தவறுதலாக. அதையும் சொன்னேன், அது உண்மை என்பதால்.

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்சிக் ஹம்டான் மட்டும் இருந்தார். திருடவில்லை, எதையும் கெடுக்க வரவில்லை, பிறகு பிறையிலிருந்து டயல் செய்து இங்கே வந்து அவள் என்னதான் பார்த்தாள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் அதற்கு ஒரு சொல்தான் இருந்தது. “சுன்யி, என்சிக்.” தனிமை. அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். உங்களைப் பற்றியா, என்னைப் பற்றியா சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

பிறகு ரூமுக்குப் போனோம். அவர் பின்னால் நின்றார், நான் தட்டினேன். மாஸ்க் 255. முகவரியில் என் எண்ணை எடுத்துவிட்டு ஆபீஸில் இருக்கும் அவருடைய மேசை எண்ணைப் போடச் சொன்னார். போட்டேன். சேமித்தேன். வெளியே வந்து மறுபடி உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஸ்விட்ச் எனக்குப் பதில் சொல்லவில்லை. திரை காத்திருந்து காத்திருந்து கைவிட்டது. பத்தும் இல்லை, பதினொன்றும் இல்லை. போன் லைன் கம்பியையும் அவரே கழற்றிச் சுருட்டி எடுத்துப் போனார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து பேக்கிங் லைன். காளியம்மா அக்காவுக்கு அதற்குள் எப்படித் தெரிந்ததோ, பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “வாடி வா! பொய் சொல்லித் தப்பிக்கத் தெரியாத கழுத. லேபிள் ஒட்டத் தெரியுமா, அதுவும் மறந்து போச்சா?” என்றார். “தெரியும்” என்றேன். “ஐயோ, பேசுது லா!” என்று பின் சீட்டுக்கு அறிவித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் யாரும் இல்லை. இன்றும் இல்லை.

உங்களுக்கு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. பிறைக்குக் கடிதம் அனுப்புவதாக மேனேஜர் சொன்னார். தவறுதலாக நடந்தது என்று எழுதும்படி என்சிக் ஹம்டானிடம் கேட்டுக்கொண்டேன். எழுதுவதாகச் சொன்னார். என் மேல் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்ல வைத்தது அதுதானோ என்றுகூடத் தோன்றுகிறது. அந்த இரண்டு மாதமும் நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது தெரியாது. தெரியாததால் நான் தனியாகத்தான் இருந்தேன். பக்கத்து மேசைவரை வந்துவிட்டு ஒரு வார்த்தை எழுதாமல் போயிருக்கிறீர்கள். காய்ச்சல் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். அது காய்ச்சல்தான். ஆனாலும் கேட்டிருந்தால், முதல் நாள் பயந்துபோய்க் கிடந்தேன் என்று சொல்லியிருப்பேன்.

பாயா ரும்புட்டில் எல்லாரும் கேட்டதால் கேள்வி என்றாலே உங்களுக்கு ஆகாது. நான் எதுவும் கேட்காததால் என்னைப் பிடித்தது என்று எழுதினீர்கள். நான் கேட்காமல் இருந்தது நல்ல குணத்தால் இல்லை, அக்கா. வாய் வராததால். நிச்சயம் நின்ற அன்று நீங்கள் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தீர்கள். நான் நாள் முழுவதும் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டும்.

இனி நான் வேலைக்கு வந்தேனா, இல்லையா என்று அங்கிருந்து உங்களால் பார்க்க முடியாது. கேட்டு எழுதினால்தான் தெரியும். நானும் கேட்கிறேன். உங்கள் அறையில் ஆறு பேர் என்று எழுதினீர்கள். ஒருத்தி பெயரைக்கூட எழுதவில்லை.

மதியம் யாரோடு சாப்பிடுகிறீர்கள்?

பவானேஸ்வரி